கோர்ட்டுக்கு முன்னால் கூடிய குடும்பம்

அந்தக் காலை எனக்குப் பாதிக் கனவாகத்தான் நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் ஒரு குளிர்காலம். நியூசிலாந்தின் பாபகூராவில் பனிமூட்டம் ரயில் நிலையத்தையே விழுங்கியிருந்தது. மருத்துவமனையில் இரவு வேலை முடித்து, தூங்காத கண்களோடு, கணவருக்கும் மகளுக்கும் பின்னால், மகளைப் பற்றிய ஒரு கூட்டத்துக்கு மிதப்பதுபோல் நடந்தேன். மகளுக்குப் பதினாலு வயது. சில வாரங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்று குப்பைத்தொட்டிக்குத் தீ வைத்திருந்தாள். ஏனடி என்றால் "ஐ டோன்ட் நோ" என்பாள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பள்ளிக்கூடம் போலீசிடம் சொல்லிவிட்டது. பிள்ளைகள் விஷயத்தைப் பார்க்கும் போலீஸ்காரம்மா வீட்டுக்கு வந்து விளக்கினார். முதலில் குடும்பம் கூடி, இனி இவளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுக்க வேண்டும். அது சரிப்பட்டால் கோர்ட் இல்லை. இல்லையென்றால் கோர்ட்தான். 

குடும்பத்துக்கு எங்கே போவது? எங்கள் சொந்தமெல்லாம் மலேசியாவில், ஈப்போவில். "யாருகிட்டயும் மூச்சு விடாத, மானம் போயிரும்," என்றார் கணவர். வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிறவர்களிடம்கூட நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் கூட்டத்தை ஏற்பாடு செய்த அதிகாரி மகளிடமும் கேட்டிருக்கிறார், உன் குடும்பத்தில் யார் யார் என்று. மாமா, அத்தை, பெரியம்மா என்று பஜனைக் கூட்டம் முழுவதையும் ஒப்பித்திருக்கிறாள் இந்தப் பெண். அவரும் அத்தனை பேரையும் அழைத்துவிட்டார்.

அன்று காலை கூட்ட அறையின் கதவைத் திறந்தேன். ஹீட்டர் வெக்கையில் ஜன்னலெல்லாம் ஆவி பூத்திருக்க, வெள்ளிக்கிழமை முகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மடிகளில் டிபன் கேரியர் வேறு! பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

குடும்பம் தனியாகப் பேசட்டும் என்று அதிகாரிகள் வெளியே போனார்கள். யாரும் திட்டவில்லை. அப்போதுதான் மகள் தமிழில் பேசினாள். "சாயங்காலமே நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுறீங்க, வீட்டுல யாருமே இல்லம்மா. பயமா இருக்கும். அதான் ஸ்கூல்லயே நிப்பேன்."

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பள்ளிக்கூடம் விட்டா எங்கட வீட்டை வரட்டும். என்ர மனுசி வீட்டிலதானே நிக்கிறா," என்றார் அடுத்த தெரு யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஐயோ, எங்க வீட்டுக்கும் அனுப்புங்க லா!" என்று ஒரு பினாங்குக்காரம்மா சண்டைக்கு வந்தார்.

அதிகாரிகள் திரும்பி வந்தார்கள். முடிவைக் கேட்ட போலீஸ்காரம்மா யாழ்ப்பாணத்துக்காரரிடம் கேட்டார், "நீங்கள் இவளுக்கு என்ன உறவு?"

 உறவில்லை என்று தெரிந்தால் எல்லாம் போச்சு, கோர்ட்தான்.

"அம்மாவின் அண்ணன்," என்றார் அவர், அசராமல்.

போலீஸ்காரம்மா என்னைப் பார்த்தார். நான் என் பெற்றோருக்கு ஒரே பிள்ளை.

"ஆமாம், என் அண்ணன்தான்," என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கோர்ட் தேவையில்லை என்று அவர் பேனாவை மூடினார். வெளியே பனி இன்னும் விலகவில்லை. "போலீசுகிட்டயே பொய் சொல்லிட்டோமேங்க," என்று யாழ்ப்பாணத்துக்காரரிடம் முணுமுணுத்தேன்.

"பொய்யோ? ஆர் சொன்னது?" என்றார் அண்ணன்.