கோடு ஏறாத விரல்கள்

செல்வராணியின் பெயர் காணி லிஸ்டிலிருந்து அடிபட்டதற்கு நான்தான் காரணம். தலைவரும் இல்லை, மெஷினும் இல்லை, மேடமும் இல்லை. இருபத்தாறு வருடம் கள ஆய்வு வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். இன்றும் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வாய் வருகிறது. டேப்லெட்டும் கையுமாக இப்போது தோட்டங்களுக்குப் போகும் பிள்ளைகள் இதை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

1. சுறாவும் குளவியும்

மேடம் கொழும்பில் அரசறிவியல் படிப்பித்தவர். அதுவரை நான் சேர்ந்து வேலை செய்த ஆய்வாளர்கள் எல்லாரும் வினாக்கொத்தோடு வருவார்கள். யாருக்கு வாக்குப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று நான் கேட்டு எழுதிக் கொடுப்பேன். மேடத்துக்கு அது போதவில்லை.

"வாய் யோசிச்சுத்தான் பதில் சொல்லும். உடம்பு யோசிக்காது. பயம் வந்தா நாம உணர்றதுக்கு முன்னாடியே விரல் நுனி லேசா வேர்க்கும். அதை அளக்கலாம்" என்றார்.

அளக்கும் மெஷின் ஒரு சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். இரண்டு விரல் நுனிகளில் சென்சர் மாட்டி, லெப்டொப்பில் ஒவ்வொரு படமாகக் காட்டுவோம். பாம்பு வரும், பூ வரும், துப்பாக்கி வரும், நடுவில் அரசியல்வாதிகளின் முகங்களும் வரும். உடம்பு திடுக்கிட்டால் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். சீக்கிரம் பயப்படும் உடம்புக்காரர்கள் அதட்டி ஆளும் தலைவரைத் தேடுகிறார்களா என்பதுதான் மேடத்தின் கேள்வி.

"அப்படித்தான் இருக்குமா மேடம்?" என்று கேட்டேன்.

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நான் ஆசைப்படுற பதில் வரணும்னு நெனச்சா அது ஆராய்ச்சி இல்ல."

அந்தப் பேச்சுக்காகவே அவரோடு சேர்ந்தேன்.

படங்கள் வெளிநாட்டில் தயாரித்தவை. அதில் வாயைத் திறந்த ஒரு சுறாவும் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், எங்க ஆளுங்க சுறாவைப் பார்த்தா கறி வைக்கத்தான் நெனைப்பாங்க. குளவிக் கூட்டைப் போடுங்க" என்றேன். மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கலைந்து கூட்டமாகக் கொட்டினால் என்ன நடக்கும் என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மேடம் சுறாவை எடுத்துவிட்டுக் குளவியைப் போட்டார். நுவரெலியாவில் வாடகைக்கு எடுத்த அறையில் என் விரலில் மாட்டிப் பார்த்தோம். குளவிக் கூடு வந்ததும் கோடு துள்ளி ஏறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

2. ஆள் சேர்த்த விதம்

தோட்டம் கந்தப்பளையிலிருந்து உள்ளே போகும் பாதையில் இருந்தது. ஒரு தோட்டத்துக்குள் எப்படிப் போக வேண்டும் என்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்று நினைத்திருந்த காலம் அது. முதலில் தோட்டத்து மனேஜரான துரையிடம் அனுமதி, அடுத்து தொழிற்சங்கத் தலைவர், அப்புறம் பெரட்டு.

பெரட்டு என்றால் காலையில் எல்லாரும் கூடும் இடம். கணக்கப்பிள்ளை பெயர் வாசித்து அன்றைக்கு யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த நாற்பது பேரின் பெயர்களையும் அங்கேயே வாசிக்கச் செய்தேன். ஆய்வுக்கு வரும் அரை நாளை வேலையாகவே கணக்கெடுக்கத் துரையும் ஒப்புக்கொண்டார். ஒருவர்கூடத் தவறாமல் வந்தார்கள். நான் ஒப்புதல் கடிதத்தை உரக்க வாசித்து, "விருப்பம் இல்லன்னா சொல்லலாம்" என்பேன். ஒவ்வொருவரும் "சரிங்க மிஸ்" என்று கையெழுத்துப் போட்டார்கள். மேடம் அசந்துபோனார். கொழும்பில் பாதிப் பேர் மாட்டேன் என்பார்களாம்.

இடம், தோட்டத்து வாசிகசாலை. அதன் சாவி தலைவரிடம். அவர் கதவைத் திறந்துவிட்டுப் பின்பக்கம் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்களுக்குத் தேத்தண்ணி அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

"அவர் இங்க இருக்கணுமா?" என்று மேடம் என் காதோடு கேட்டார்.

"அவர் இருந்தாத்தான் மேடம் சனம் வரும்" என்றேன். இதுவும் என் வாயிலிருந்து வந்ததுதான்.

3. செல்வராணி

முதல் நாள் நிறையப் பெண்களுக்குக் கோடு அசையவே இல்லை. பனிக் குளிரில் கை விறைத்திருக்கிறது என்றார் மேடம். சுடுதண்ணீர்ப் போத்தலைப் பிடிக்கக் கொடுத்தோம், ஹீட்டர் வைத்தோம். அப்போதும் சிலருக்கு அப்படியே கிடந்தது. சரி, ஆளுக்கு ஆள் மாறும் என்று விட்டுவிட்டோம்.

இரண்டாம் நாள் செல்வராணி வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை. அண்ணன் குடும்பத்தோடு லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரே காம்பராவில் இருந்தார். எதையும் மெதுவாகப் பேசுகிறவர். பாம்பைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். குளவிக் கூடு வந்ததும் தலையில் கிடந்த துண்டை இழுத்து இரண்டு காதையும் மூடிக்கொண்டார். கதிரை பின்னால் நகர்ந்து சத்தம் போட்டது. கோடு மட்டும் அடிமட்டக் கோல் வைத்துக் கீறியதுபோல நேராகப் போனது.

நான் அதைப் பார்த்தேன். படிவத்தில் 'மாற்றம் இல்லை' என்று எழுதினேன். அந்தப் பெண் என் கண்ணுக்கு முன்னால் நடுங்குகிறார், நான் திரையைப் பார்த்து எழுதுகிறேன்.

அடுத்த படம் தலைவருடைய கட்சியின் பெரிய ஆள். அதற்கும் கோடு அசையவில்லை. பின்னாலிருந்து தலைவர் எட்டிப் பார்த்தார்.

"என்னா மிஸ், குளவிக்கும் அசையல, எங்க ஐயாவுக்கும் அசையல. இந்தப் புள்ள நம்ம பக்கம் இல்லையோ?"

நான் சிரித்துக்கொண்டே, "மெஷின் பொய் சொல்லாதுங்க தலைவரே" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் அதை விளையாட்டாக எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் கந்தப்பளை பஸ் தரிப்பிடத்தில் செல்வராணி எனக்காகக் காத்திருந்தார். வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கொடுப்பதற்குத் தோட்டத்தில் லிஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் எழுதிக் கொடுக்கும் பெயர்தான் மேலே போகும்.

"மிஸ், என் பேர வெட்டிட்டாங்களாம். நான் மத்தக் கட்சிக்குப் போட்டது மெஷின்ல தெரிஞ்சிருச்சாம். நான் யாருக்குப் போட்டேன்னு என் அண்ணனுக்கே தெரியாது மிஸ். மெஷினுக்கு எப்புடித் தெரியும்?"

"அது ஓட்டைக் காட்டாது தங்கச்சி. சத்தியமா காட்டாது."

"அப்ப ஏன் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்க?"

பஸ் வந்தது, நான் ஏறவில்லை.

4. புறங்கை

செல்வராணியின் கையைப் பிடித்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரல் நுனிகள் பட்டை மாதிரி தடித்திருந்தன. வெடிப்புகளில் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத தேயிலைக் கறை. இந்தத் தோலுக்குள்ளிருந்து எந்த வேர்வை வெளியே வரும்? வந்தாலும் எந்த சென்சருக்கு எட்டும்?

என் அம்மா றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். எனக்குக் காய்ச்சல் என்றால் புறங்கையால்தான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். தடித்துப்போன விரலுக்குச் சூடு தெரியாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்பட்டிருக்கக் கூடாது. ஆனால் பேனா பிடித்து மெத்தென்று ஆகிப்போன என் விரலில் மெஷினைச் சோதித்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கிறவர்களிடம் போயிருக்கிறேன். அந்த ரோட்டோரத்தில் நின்று வெட்கத்தில் அழுதேன். செல்வராணிதான் என்னைத் தேற்றினார்.

அன்றைக்கே மேடத்திடம் சொன்னேன். அவர் பதிவுகளைத் திறந்து பார்த்தார். கோடு ஏறாதவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் கொழுந்து பறிக்கிறவர்கள். ஏறியவர்கள் பேக்டரியிலும் ஒபீசிலும் இருப்பவர்கள், பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்ப்பவர்கள். தடித்த தோல் அளவைக் கெடுக்கும் என்று அவர் படித்துத்தான் இருந்தார். ஒரு தோட்டமே அப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை.

தன் நோட்டுப் புத்தகத்தை எனக்குக் காட்டினார். 'தோட்டப் பெண்களிடம் அச்ச உணர்வு குறைவு' என்ற அர்த்தத்தில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தது. அதைக் குறுக்கே அடித்தார்.

"இது அச்சுல போயிருந்தா, இவங்களுக்குப் பயமே இல்லன்னு யாராவது மேற்கோள் காட்டிட்டு இருப்பாங்க" என்றார்.

5. தலைவரின் வீட்டுக்காரி

மறுநாள் தலைவரிடம் போய் விளக்கினோம். அவர் நம்பவில்லை. "நீங்கதானே மிஸ் சொன்னீங்க" என்று என்னையே திருப்பிக் கேட்டார். குற்றம் சொல்ல முடியாது.

தேத்தண்ணி கொண்டுவந்த அவருடைய வீட்டுக்காரி இந்திராணி அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் இருபது வருடமாகக் கொழுந்து பறிப்பவர்.

"எங் கையில மாட்டுங்க மிஸ், பார்ப்போம்" என்று வந்து உட்கார்ந்தார்.

முதலில் தலைவர் விரலில் மாட்டினோம். சங்க வேலையில் இருப்பவர், கொழுந்து மலைக்குப் போவதை விட்டுப் பல வருடம். குளவிக்குக் கோடு ஏறியது, ஐயா படத்துக்கு அதைவிட ஏறியது. அடுத்து இந்திராணி அக்கா. குளவிக் கூட்டைப் பார்த்ததும் "ஆத்தாடி" என்று வாய்விட்டுச் சொன்னார். கோடு படுத்தே கிடந்தது. ஐயா படம் வந்தது, அதற்கும் அப்படித்தான்.

அக்கா திரையைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். "அப்ப என் பேரையும் வெட்டுங்க. நானும் ஒங்க பக்கம் இல்லையாம்."

தலைவர் மனைவியின் விரல்களைப் பார்த்தார். பிறகு, "பென்சிலாலதான் கோடு போட்டேன்" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார். அன்று பின்னேரமே செல்வராணியின் பெயர் லிஸ்டில் திரும்ப ஏறியது. நானே என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

6. சரிங்க

நல்ல செய்தியோடு லயத்துக்கு ஓடினேன். உள்ளதைச் சொல்கிறேன், நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். செல்வராணி பிள்ளைக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "மெஷின்ல இருக்கிற என்னோட கோட்ட அழிச்சிருங்க மிஸ்" என்றார்.

"அதுல ஒண்ணுமே இல்ல தங்கச்சி. அதைத்தானே இப்ப நிரூபிச்சோம்."

"ஒண்ணும் இல்லாட்டியும் அழிச்சிருங்க. அந்தக் குளவிப் படத்த நான் பார்த்திருக்கவே மாட்டேன். எங்க அக்காவ குளவிதான் கொன்னுச்சு. கீழ்மலையில, கொழுந்து பறிக்கையில, எம் பக்கத்து நெரையில."

"விருப்பம் இல்லன்னா சொல்லலாம்னு நான் கேட்டேனே. நீங்க சரின்னீங்களே."

அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார். கோபமாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"பெரட்டுல பேர் வாசிச்சாங்க மிஸ். பெரட்டுல பேர் வாசிச்சா சரின்னுதான் சொல்லணும். நாங்க வேற சொல்லிப் பழகல."

நாற்பது கையெழுத்து என்று நான் பெருமைப்பட்டது அதற்குத்தான். அத்தனையும் ஒரே சரிங்க.

மேடத்திடம் சொன்னேன். அவர் நாற்பது பதிவுகளையும் அழித்தார். எட்டு மாதத் தயாரிப்பு அதோடு போனது. பிறகு வேறு தோட்டங்களில், பாதத்தின் உள்வளைவில் சென்சர் மாட்டி, குளவிப் படம் இல்லாமல் மறுபடி தொடங்கினோம். பெரட்டுப் பக்கமே போகவில்லை. லயம் லயமாகப் போய்க் கதவில் நின்று கேட்டேன், மறுநாள் வந்து இன்னொரு முறை கேட்டேன். மெஷினை விரலுக்கு மாட்டுவதா காலுக்கு மாட்டுவதா என்பதை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அதனால் எழுதி வைக்கிறேன்: ஒரு தோட்டத்தில் யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்து "எனக்கு வேணாங்க மிஸ்" என்று சொல்லும் வரைக்கும், அங்கே கிடைத்த எந்தச் சரியையும் நான் சரி என்று எழுதிக்கொண்டதில்லை.