கிரேக்கர்களின் சாமை

இன்று குக்கரில் சாமை வெந்த வாசனை, ஜவ்வாது மலையில் இடிந்து மண்ணாகிவிட்ட எங்கள் மிஷன் வீட்டுக்கு என்னை இழுத்துப்போனது. எழுபதுகளில் அங்கே அம்மா சாமை புடைக்கும் சத்தத்துக்கு நடுவேதான், மிஷன் ஊழியரான அப்பா உமி படிந்த சீட்டுகளில், பைபிளுக்காகக் கிரேக்க–தமிழ் அகராதி எழுதிக்கொண்டிருந்தார். பார்லியைக் கண்ணால் பார்த்திராத அவர், அதற்கான கிரேக்கச் சொல்லுக்கு நேரே 'சாமை' என்று எழுதிவிட்டு, "வேற இன்னா எழுதறது? மலைக்காரங்களுக்குப் புரியணுமில்ல" என்பார் அம்மாவிடம்.

திருத்தித் தருவதாக அந்தச் சீட்டுகளை வாங்கிப்போன பட்டணத்துப் பேராசிரியர், அப்பா இறந்ததும் தன் பெயரில் அச்சிட்டுக்கொண்டார். அந்த ஆளை மடக்குவதற்காகவே நானும் கிரேக்கம் படித்தேன். அவருடைய பாராட்டு விழாவில் எழுந்து, "கிரேக்கர்கள் சாமை சாப்பிட்டாங்களா, ஐயா?" என்றேன்.

"சாமையா? அவங்க சாப்பிட்டது பார்லிம்மா" என்று மைக்கில் சிரித்தார்.

அவர் புத்தகத்திலேயே பார்லிக்கான பக்கத்தைப் பிரித்துக் காட்டிக் கேட்டேன்: "அப்போ இங்க சாமைன்னு எழுதனது யாருங்க?"