அமைதிக் கமிட்டியின் முதல் தீர்மானம்

இன்று எங்கள் பகுதியில் அமைதிக் கமிட்டி கூட்டம். கலவரம் நடந்த ஊர் என்பதால் பெண்களையும் சேர்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். சேர்த்துக்கொண்டார்கள், வாசலில் நின்று சந்தனமும் பன்னீரும் கொடுக்க.

நானும் பக்கத்துத் தெரு சபியா அக்காவும் நின்றோம். நாங்கள் வேலை செய்யும் தையல் கம்பெனி அவர் தெருவில் இருக்கிறது. எட்டாவதோடு படிப்பு நின்ற எனக்கு அதுதான் வெளியுலகம். இரண்டு தெருவுக்கும் நடுவில் மூங்கில் தடுப்பு கட்டியதிலிருந்து மெயின் ரோட்டைச் சுற்றித்தான் போகிறேன்.

கூட்டம் முடியும் நேரத்தில் சபியா அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஏனுங்க, அந்தத் தடுப்ப எடுத்துப்போடுங்க. இந்தப் புள்ள ரோட்டுல வாரப்ப கம்போட நிக்கறவனுங்க பேரு கேக்கறானுங்க."

தலைவர் சிரித்தார். "பொம்பளைங்க பாதுகாப்புக்குத்தானுங்க அம்மணி கட்டியிருக்குது."

"எந்தப் பொம்பளைங்க கேட்டாங்க?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. ரோட்டுல போக பயமா இருக்குதா?"

அத்தனை ஆண்கள் முன்னால் நான் பேசியதே இல்லை. தடுப்பை எடுத்துவிடுவார்கள் என்று நம்பி, "ஆமாங்க, பயமா இருக்குதுங்க" என்றேன்.

"பாத்தீங்களா, புள்ளயே பயப்படுது. தடுப்பு இருக்கட்டும். கொஞ்ச நாளைக்கு இவள வேலைக்கு அனுப்பாதீங்க."

முன்வரிசையில் இருந்த அப்பா தலையாட்டினார். இரண்டு தெரு ஆண்களும் ஒருமனதாகக் கை தட்டினார்கள்.

நாளையிலிருந்து வீட்டில்தான் இருப்பேன். ஊரில் அமைதி வந்ததும் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.