போடோ மரமும் ஆந்தை மாப்பிள்ளையும்

என் தங்கை குமுதாவுக்கு வாயே கிடையாது. அவளுக்கும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டான் கடவுள் என்று ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. பேசட்டும், எனக்கென்ன. அவள் ஒரு செடி நர்சரியில் போடோ மரக்கன்று வளர்க்கிறாள். பைன் மரத்துக்குச் சொந்தக்கார மரம் அது. பூக்காது, ஊசி மாதிரி நீள இலை. வீட்டு வேலிக்கு ஊரே அதைத்தான் கேட்டு வருகிறது. கன்றுகளோடு கன்றாக அவளுக்கும் முப்பத்தாறு வயதாகிவிட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தால் "வேணாம்க்கா" என்பாள், அவ்வளவுதான்.

போன மாதம் ரூபன் என்ற மாப்பிள்ளையின் படத்தைக் காட்டினேன். "சரிக்கா" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ரூபனுக்கு வேலை சுங்கை சிப்புட் பக்கம். ரப்பர் தோட்டமாக இருந்த இடம், இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. பழத்தைத் தின்னும் எலிகளைப் பிடிக்க அங்கே ஆந்தை வளர்க்கிறார்கள். கம்பத்தில் பெட்டி வைத்து, பொழுது சாய்ந்ததும் மோட்டார் சைக்கிளில் சுற்றிவந்து அவற்றைக் கவனிப்பவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். ரூபனின் அப்பா ராமையா தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு அன்பாகத்தான் கேட்டார்.

"என்னம்மா வளக்குற நீ?"

குமுதா நடுக்கத்தில், "போடோ" என்றாள்.

அவர் காதில் 'போடா' என்று விழுந்தது. கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேவிட்டார்.

"இந்த மரியாதைக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?"

குமுதாவின் முகம் வெளுத்துவிட்டது. வாழ்க்கையில் அவள் சரி சொன்ன ஒரே மாப்பிள்ளை, இதோ செருப்பைத் தேடுகிறார். விடுவேனா நான்?

"ஐயா, போடோன்னா மரம்ங்க. அந்தப் பாழாப்போன மரத்துக்குப் பேரே அதுதான். வாங்க, பக்கத்து வீட்டு வேலியப் பாருங்க."

வேலியைப் பார்த்தார். குமுதாவைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரூபன், இவளக் கட்டுனா தெனம் இததான் கேக்கணும்லா."

ரூபனின் அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. "அது இருக்கட்டும்ணே. இவ பகல்ல நின்ன எடத்துல நிக்கிற மரம். நம்ம பையன் ராத்திரியில சுத்துற ஆந்தை. எப்படி ஒத்துப்போவும்?"

ரூபன் வாயைத் திறந்தார்.

"செம்பனையில பொந்து இல்ல அத்தே, அதான் பெட்டி வெக்கிறோம். நல்ல மரம் கெடச்சா ஆந்தைக்குப் பெட்டி எதுக்கு?"

பதில் அத்தைக்கு, பார்வை குமுதாவுக்கு. அவள் நிமிர்ந்தாள்.

"எங்க வீட்டுல மேல் ரூம் காலியாத்தான் இருக்கு," என்றாள், அத்தனை பேர் முன்னாலும்.

அடிப்பாவி, அது என் ரூம். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன எனக்கு. அவர்கள் கார் கிளம்பியதுமே என் துணிமணியைக் கீழே இறக்கிவிட்டேன்.