சுவா சூ காங்கில் ஒரு கார்புரேட்டர்

வெள்ளிக்கிழமை காலை மதுரை விமானம் சிங்கப்பூர் சாங்கியில் இறங்கியது. கொடைக்கானல் குளிரிலிருந்து போனவனுக்கு, கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் இட்லிச் சட்டியைத் திறந்ததுபோல் முகத்தில் ஆவி அடித்தது. தங்கை மாப்பிள்ளை என் பெட்டியை வாங்கிக்கொண்டே, அந்த ஊர்க்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு ஒட்டுகிற 'லா'வோடு கேட்ட முதல் கேள்வி: "மச்சான், டூல்ஸ் எல்லாம் கொண்டு வந்துட்டீங்களா லா?"

கொடையில் சுற்றுலாப் பயணிகள் ஓட்டும் ஏ.டி.வி. வண்டிகளுக்கு நான்தான் மெக்கானிக். பருத்த நாலு சக்கரத்தோடு மண்ணில் தாவி ஓடுமே, அந்த வண்டி. தங்கை மலர் சிங்கப்பூரில் வாக்கப்பட்டு ஐந்து வருடம். ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. செடிப் பண்ணையை விட்டு வர முடியாது என்பார் மாப்பிள்ளை. அவரே டிக்கெட் போட்டு அனுப்பியதும், மனுஷன் மனசு இரங்கிவிட்டார் என்று பூரித்துப் போனேன். தங்கையோடு உட்கார்ந்து வாய் வலிக்கப் பேச வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

உட்லண்ட்ஸில் பத்தாவது மாடி வீடு. "எளச்சுட்டியேண்ணே" என்று கண் கலங்கினாள் மலர். ரசத்துக்குச் சோறு பிசைவதற்குள் மாப்பிள்ளை கார் சாவியோடு வாசலில் நின்றார். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, சுவா சூ காங் ஓரத்தில் அவருடைய பண்ணை. அங்கே தொட்டியும் உரமும் இழுக்கிற பழைய ஏ.டி.வி. ஒன்று.

"ஹாட் வெதர்ல ஒரே புகை. ரெயின் வந்தா ஸ்டால் ஆயிடுது லா."

தங்கை புருஷனிடம் முடியாது என்று சொல்ல எந்த அண்ணனுக்கு வாய் வரும்? சட்டையைக் கழற்றினேன்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். வெயிலில் காற்று இளகும், பெட்ரோலைக் குறைக்க வேண்டும். மழையில் காற்று குளிர்ந்து இறுகும், கூட்ட வேண்டும். கொடையில் பருவத்துக்கு ஒருமுறை செய்கிற வேலையை இந்த ஊர் வானம் மணிக்கு ஒருமுறை கேட்டது. கொளுத்தும் வெயிலில் திருகாணியைச் சரியாக நிறுத்திவிட்டுக் கையைத் துடைப்பதற்குள் மழை கொட்டியது. வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. நாசமாய்ப் போக! நான் வீடு திரும்பியபோது மலர் தூங்கிவிட்டிருந்தாள்.

சனிக்கிழமை மலர் தன் கிளினிக் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னை ரயிலில் லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போனாள். அங்கே தேக்கா சந்தையில் தோசை மூன்று வெள்ளி, நம் பணத்தில் இருநூறு ரூபாய். ஒரு விள்ளல் வாயில் வைத்தேன்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்..."

கைபேசி அடித்தது. "மச்சான், இங்க மழை லா. வண்டி நின்னுடுச்சு. ஜாலான் புசார் கடையில நீங்க கேட்ட ஜெட் இருக்காம், வாங்கிட்டு வந்துடுங்க."

ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளைத் துளை. ஒரு அளவு சின்னது வேண்டும் என்று முந்தின நாள் வாயை விட்டவன் நான்தான். மலர் தட்டைத் தள்ளினாள். "போண்ணே. இல்லாட்டி என்னைத்தான் மொறைப்பாரு."

ஞாயிறு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த வானமா நானா, பார்த்துவிடுவோம். புது ஜெட்டைப் போட்டு, கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மாற்றி, வெயிலுக்கும் சாயாமல் மழைக்கும் சாயாமல் நட்டநடுவில் நிறுத்தினேன். உச்சி வெயிலில் ஓட்டினேன், புகை இல்லை. மழை வந்தது, நனைந்துகொண்டே ஓட்டினேன், ஒரு திக்கல் இல்லை. மாப்பிள்ளை முதுகில் தட்டினார். "சூப்பர் மச்சான்! இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல லா." எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

திங்கள் காலை சாங்கி. மாப்பிள்ளை காரை நிறுத்தப் போயிருந்தார். மலர் கேட்டாள்: "வண்டி இப்ப எப்படிண்ணே ஓடுது?"

"என் கை பட்டதுல்ல? இனிமே வெயிலு மழை எதுக்கும் நிக்காது."

அவள் முகம் விழுந்துவிட்டது. "தேக்காவுல அதைத்தாண்ணே சொல்ல வந்தேன். உன்னை ஒரு தடவை பாக்கணும்னு எத்தனை கெஞ்சினாலும் அவரு மசியல. அண்ணன் வந்தா வண்டி சரியாயிடும்னு நான் சொன்னப்புறந்தான் டிக்கெட் போட்டாரு. ஏண்ணே அவ்வளவு சுத்தமா பண்ணின? இனி என்னத்தச் சொல்லி உன்னைக் கூப்பிடுவேன்?"

அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். நான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

கொடையில் இப்போது மழை. என் வண்டிகள் பாதி திக்குகின்றன, தொட மனசு வரவில்லை. நேற்று மாப்பிள்ளை ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். கொட்டுகிற மழையில் ஏ.டி.வி. சீராக ஓடுகிறது, ஓரத்தில் குடை பிடித்து நிற்கிறாள் மலர். என் கைவேலையைப் பார்த்து எனக்கே வயிறு எரிந்தது.