உரத்தொட்டியில் ஊற்றிய ஆசிட்

மைசூர் ரிங் ரோட்டுக்கு வெளியே நாங்கள் வீடு கட்டியபோது அந்த லேஅவுட்டுக்குப் பாதாளச் சாக்கடை வந்திருக்கவில்லை. இன்றும் வரவில்லை. எல்லோரும் செப்டிக் டேங்க் கட்டினார்கள். நான் மாட்டேன் என்றேன்.

அதற்கு முன் குடியிருந்த வாடகை வீட்டில் டேங்க் நிரம்பியபோது லாரி வந்தது. குழாய் உறிஞ்சாமல் விட்ட அடிக்கசடை வாருவதற்கு வீட்டு ஓனர் ஓர் ஆளை உள்ளே இறக்கினார். வேண்டாம் என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. மூச்சுத் திணறிய அந்த மனிதரைக் கயிறு கட்டி இழுத்து எங்கள் வாசலில் கிடத்தினார்கள். பிழைத்துக்கொண்டார். ஓனர் அவரைத் தள்ளிப் படுக்கச் சொன்னார்.

அதனால்தான் எங்கள் வீட்டில் உரக் கழிப்பறை. மலம் கீழே இருக்கும் தொட்டியில் விழும். தண்ணீர் ஊற்றுவதில்லை. ஒரு கை மரத்தூள் போட்டு மூட வேண்டும், அவ்வளவுதான். சிறுநீரும் கழுவும் நீரும் தனிக்குழாயில் வாழைக்குப் போய்விடும். ஒரு தொட்டி நிறைந்தால் அதை மூடிவிட்டு அடுத்ததற்கு மாறுவோம். மூடியது வருஷத்துக்கு மேல் கிடந்து மண்ணாகும். முதல் தொட்டியைத் திறந்த அன்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கணவர் கையை எடுத்துவிட்டார். ஈர மண் வாசனைதான் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி, தமிழர்தான். அவர் வீட்டு டேங்க் வழிந்து மழைநீர்க் கால்வாயில் கலந்துகொண்டிருந்தது. தெருவே நாறியது. ஆனால் நாற்றம் எங்கள் வீட்டிலிருந்துதான் வருகிறது என்று எல்லோரிடமும் சொல்லி வந்தார்.

ஒரு கல்யாணத்துக்காக ஹனூர் போய்விட்டுத் திரும்பினோம். கொல்லைப்பக்கம் போனதுமே கண் எரிந்தது. மூடி வைத்திருந்த தொட்டியின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே உரமாக்கும் மண்புழுக்களெல்லாம் வெளுத்துச் செத்திருந்தன. காம்பவுண்டு ஓரம் கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டில்கள் காலியாகக் கிடந்தன.

நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். கணவர் பின்னாலேயே ஓடி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மறைக்கக்கூட இல்லை.

"ஆமாம்மா, நான்தான் ஊத்தினேன். எல்லாருக்கும் நல்லதுன்னுதான். பேங்க்ல வேலை பாக்கறவங்க நீங்க, இதைப் போய் கையால அள்ளலாமா? அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க அல்வா, இல்லையா?"



"யாரு சார் அந்த ஆளுங்க? உங்க டேங்க்ல இறங்க உங்க பையனை அனுப்புவீங்களா?"

அவர் என் கணவரைப் பார்த்து, மேடத்துக்கு ஸ்வல்ப கோபம் ஜாஸ்தி என்றார். என் கணவர் சிரித்தார். ஆசிட்டைவிட அந்தச் சிரிப்புதான் என்னை எரித்தது.

போலீஸ் ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் வாய்க்குள் சிரித்துக்கொண்டே, அக்கம்பக்கத்தில் அட்ஜஸ்ட் செய்து போங்கள் என்று கன்னடத்தில் புத்தி சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் கணவர், பேசாமல் நாமும் ஒரு டேங்க் கட்டிவிடலாம், நிம்மதியாக இருக்கலாம் என்றார்.

"தாராளமா கட்டுங்க. நிறைஞ்சா நீங்கதான் உள்ள இறங்கணும்" என்றேன்.



ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகத் தொட்டியைக் காலி செய்ய ஆரம்பித்தேன். செடி கொடி இல்லாத மூலையில் குழி வெட்டி, சுண்ணாம்பு கலந்து, அந்த உரம் முழுவதையும் புதைக்க வேண்டியிருந்தது. பாதி வேலையில் கணவர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து இன்னொரு மண்வெட்டியை எடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் சமாதானமாகிவிடவில்லை. அவர் பிறகு ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் போய் தொட்டியில் மறுபடி புழு வளர இரண்டு மூட்டை சாணம் வாங்கி வந்தார். தொட்டிக் கதவுக்குப் பூட்டு போட்டோம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றுமே நடக்காததுபோல் இப்போதும் வாக்கிங் போகும்போது, "ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாட்டை விசாரிக்கிறார். என் கணவர் தலையாட்டுகிறார். நான் கேட்டை இழுத்துச் சாத்துகிறேன்.