பால் டேங்கில் ஒரு கைப்பிடி உப்பு

அரியமங்கலத்தில் வீரமலை நடத்தும் பட்டறைக்குள் ஊறுகாய் போகக் கூடாது. உப்பும் கூடாது. எவர்சில்வர் டேங்கில் வெல்டிங் வைத்த இடம் நீலமும் கறுப்புமாகக் கன்றிவிடும். அதன்மேல் ஆசிட் பசை பூசிக் கழுவி, துரு ஏறாதபடி செய்து கொடுப்பதுதான் அங்கே தொழில். உப்பு பட்டு ஈரத்தோடு கிடந்தால் அத்தனையும் பாழ். இதைப் பலகையில் எழுதி, கீழே தன் பெயரையும் கொட்டை எழுத்தில் போட்டு மாட்டியவர் சாட்சாத் வீரமலைதான்.

மாட்டியதோடு சரி. கைலாசபுரத்துப் பெரிய தொழிற்சாலைக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு காண்டிராக்டரிடம் வேன் ஓட்டியவர், "நான் பிளான்ட்ல இருந்த ஆளு" என்று இன்றைக்கும் அளப்பார். முடிந்த டேங்கின் பளபளப்பில் முகம் பார்த்துத் தலை வாருவது ஒன்றுதான் அவர் தன் கையால் செய்யும் வேலை. பூசுவதும் கழுவுவதும் ராசாத்தி. டிபன் டப்பாவில் மாவடு கொண்டுவந்ததற்காக அவளை ஒருநாள் ரோட்டோரம் உட்கார்ந்து சாப்பிட வைத்தவர் அவர்.

ஒரு பால் கம்பெனியின் பெரிய டேங்க் வந்தது. அதை ராசாத்தி முடித்த அன்று எதிர்ப் பட்டறை கலீம் எட்டிப் பார்த்து, "என்ன வீரமலை, கண்ணாடியாட்டம் பண்ணிட்டீங்க!" என்றார்.

அவ்வளவுதான், டேங்குக்குக் கண் பட்டுவிட்டது என்று வீரமலை முடிவுகட்டிவிட்டார். சாயங்காலம் கல் உப்பும் காய்ந்த மிளகாயும் கைநிறைய அள்ளிக்கொண்டு டேங்கைச் சுற்ற ஆரம்பித்தார்.

"அண்ணே, உப்புண்ணே..." என்றாள் ராசாத்தி.

"திருஷ்டி கழிக்கறப்ப குறுக்க பேசாத. நீ கெளம்பு."

கிளம்பிவிட்டாள். சுற்றியதை அவர் எங்கே போட்டார் என்று அவள் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து மழை. தார்ப்பாய் மூடியபடியே டேங்க் கிடந்தது.

மழை விட்டதும் பால் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் தேசிக் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தார். டேங்கின் மேல்வாய் வழியே உள்ளே டார்ச் அடித்தவர், "என்ன இது, அடியெல்லாம் அம்மை போட்டாப்பல இருக்கே?" என்றார்.

டேங்கின் அடியில், கழுவிய தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்த இடத்தில், பழுப்புப் புள்ளிகள்.

பயந்தவன் பொய் சொல்வதில் அதிசயமில்லை. வீரமலை ஒரு நொடி யோசிக்கக்கூட இல்லை என்பதுதான் கேவலம். "எல்லாம் இவ வேலை சார். ஆசிட்ட ஒழுங்கா கழுவல. ராசாத்தி, நாளையிலேருந்து நீ வராத."

அந்த டேங்கின் மூலைமுடுக்கெல்லாம் அவள் கை போய் வந்த இடம். அவளுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. "கழுவுனேனா இல்லையான்னு பாத்துட்டே சொல்றேன் சார்" என்று ஏணி வைத்து உள்ளே இறங்கினாள். வெளியே நீட்டிய அவள் கையில் ஊறிப்போன சிவப்பு மிளகாய் இரண்டு இருந்தன.

தேசிக் ஒன்றை வாங்கிப் பார்த்தார். "என்ன வீரமலை, பாலுக்குத் தாளிச்சுக் கொட்டிருக்கேளா?"

வெளியே கலீம் சிரிப்பது கேட்டது.

"நெருப்புல போடலாம்னா டின்னு டின்னா பெயின்ட் தின்னர் இருக்கு, பத்திக்கும் சார். தெருவுல போட்டா கலீம் பாத்துருவாரு. அதான் உள்ளேயே..." என்று இழுத்த வீரமலை, சட்டென்று நிமிர்ந்தார். "ஆனா திருஷ்டி எவ்ளோ பலம்னு பாத்தீங்களா? உப்பையே மீறிருச்சு!"

வெட்கம் என்பது அந்த மனிதர் இருந்த தெருப்பக்கம்கூடப் போனதில்லை போலும்.

"மறுபடி பூசிக் கழுவுங்கோ. வெள்ளிக்கிழமை வந்து பார்க்கறேன். அப்பவும் புள்ளி இருந்தா வேற இடம் பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு தேசிக் வண்டியை எடுத்தார்.

ஒரு வார்த்தைக்காக ராசாத்தி நின்றாள். பழியைப் போட்ட வாயால் அதை எடுக்க வேண்டாமா? வீரமலை பலகையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ராசாத்தி, டீ சொல்லவா?" என்றார்.

அவள் கையுறைகளைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். "என்னத்தான் நிறுத்திட்டீங்களேண்ணே. நீங்க பிளான்ட்ல இருந்த ஆளாச்சே, எறங்குங்க."

கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டாள். வீரமலை வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, இடது கையுறைக்குள் வலது கையை நுழைக்கப் பாடுபட்டார். கட்டை விரல் எங்கே போக வேண்டும் என்றே அவருக்குத் தெரியவில்லை.

அவள் சொல்லவும் இல்லை.